மொத்தக் கடை முன்னால் நடைபாதைக்கு மேல் தகரம் இறக்கலாமா?

"ஈரோட்டில் மளிகை மொத்தக் கடை எடுத்திருக்கிறேன். மழைக்கு வாசலில் ஷீட் இறக்கினால் நடைபாதைக்கு மேல் வருகிறது. சட்டத்தில் இடமுண்டா?" என்று கேட்டிருக்கீங்க.

கோவை ரங்கே கவுடர் வீதியில அப்பாவோட மண்டியில பதினெட்டு வருசம் உக்காந்தவன் நான். இடமுண்டுங்க, ஆனா கேட்டுச் செய்யணும். 1920-ல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே தெருவுக்கு மேல நீட்டற தாழ்வாரம், சன்ஷேடுக்கெல்லாம் நிபந்தனையோட உரிமம் தர வழி இருந்துச்சு. இப்ப நடப்பில் இருக்கறது 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதோட 2023 விதிகளும். மாநகராட்சியில மனுக் குடுத்து, உரிமம் வாங்கிட்டு வேலையை ஆரம்பிங்க. பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்காரேன்னு நீங்களும் போட்டீங்கன்னா, ஜேசிபி வர்ற அன்னிக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்.

உயரந்தான் முக்கியம். நடைபாதைக்கான ஐஆர்சி (இந்திய சாலைக் காங்கிரஸ்) வழிகாட்டியோட 2012 பதிப்பு, தடையில்லாம 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேணும்னு சொல்லுச்சு. 2.2 மீட்டர்னா ஏழேகால் அடி. வெறுங்கையோட போறவருக்கு அது தாராளம். மண்டி வீதியில வெறுங்கையோட யாருங்க போறாங்க?

எங்க ஷீட் ஏழடியில இருந்துச்சு. ஒரு நாள் லாரியில இருந்து துவரம் பருப்பு எறங்குது. லோடுமேன் அண்ணன் ஒருத்தர் தலையில மூட்டையோட உள்ள நுழையறார், தகர முனை சாக்கைக் கிழிச்சிருச்சு. சாக்கடை ஸ்லாப் பூரா பருப்பு. (எங்க வாசல்ல நடைபாதைங்கறதே அந்த ஸ்லாப்தான்.) அவர் கோவப்படலை. "தம்பி, நான் குனிஞ்சா மூட்டை குனியாது"ன்னார். மறுவாரமே எட்டரை அடிக்கு ஏத்தினோம். ஏத்தினா சாரல் உள்ள வருது. அதுக்கு முனையில ஒரு தார்ப்பாய் சுருட்டிக் கட்டி, மழைக்கு மட்டும் எறக்கி விட்டோம்.

நடைபாதையில கால் நடாதீங்க. சுவத்துல இருந்தே இரும்பு ஆங்கிள் குடுத்துத் தாங்க வைங்க. லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிக்காத மாதிரி முனையை உள்ளடக்கியே நிறுத்துங்க. ஷீட்டுத் தண்ணி போறவங்க தலையில ஊத்தாம, குழாய் வெச்சு சாக்கடைக்கு விடுங்க.

அப்பறம் காத்து. எங்க பக்கம் ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஷீட்டை அடியில இருந்து தூக்கும். ஒரு தடவை எங்க ஷீட்டை எதிர்க்கடை மாடியில இருந்துதான் எறக்கினோம். ஈரோட்டுல அவ்வளவு காத்து இல்லைதான், ஆனாலும் ஷீட்டைப் பிடிச்சு நிறுத்தற ஜே போல்ட்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.