பேரனுக்கு ஏன் ஆன்டிபயாடிக் எழுதவில்லை?

கேள்வி: என் ஒன்றரை வயதுப் பேரனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போகிறது, ரத்தம் இல்லை. டாக்டர் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் சிரப் மட்டும் எழுதினார். என் பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் நின்றது. கேட்டால், 'சிகிச்சை வழிகாட்டி நெறிமுறை இப்படித்தான்' என்கிறார். குழந்தையைப் பார்த்து வைத்தியம் செய்யாமல், யாரோ எழுதி வைத்ததைப் பார்த்தா செய்வது?

பதில்: அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு நின்றது உண்மை. மருந்தால் நின்றதா, தானாக நின்றதா? சிறு குழந்தைகளுக்குத் தண்ணீராகப் போவது பெரும்பாலும் வைரஸால். சில நாளில் தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். ஒரு வீட்டு அனுபவத்திலோ, என் முப்பது வருட அனுபவத்திலோ இதைப் பிரித்தறிய முடியாது. நிறையக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாக்கி, ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட வேண்டும். அப்படி நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, எதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்த பிறகே நெறிமுறை எழுதப்படுகிறது.

எழுதியதும் கல்வெட்டாகிவிடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்ற டிரிப்ஸ் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை, அதாவது ஓ.ஆர்.எஸ்ஸைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இத்தனை உயிர் காத்த ஓ.ஆர்.எஸ்ஸையும் சோதித்துக்கொண்டேதான் இருந்தார்கள். உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தால் டிரிப்ஸ் தேவைப்படும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிந்ததும், 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கலவையை மாற்றின. இன்று உங்கள் கையில் இருப்பது அந்தப் பொட்டலம்.

நல்லது என்று நம்பியதே கெடுதலாகவும் முடியும். கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வரும் குழந்தைக்கு வேகமாகச் சலைன் ஏற்றுவதே உயிர் காக்கும் என்று நாங்கள் படித்தோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3. இன்றும் அந்த எண்கள் என்னை உறுத்துகின்றன. ஆனால் வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் உடலில் நீர் மிகவும் வற்றிவிட்டால் டிரிப்ஸ்தான் காப்பாற்றும். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சொல்லாத நெறிமுறை ஆபத்தானது.

ஆகவே குழந்தையைப் பார்ப்பதை எந்த நெறிமுறையும் விலக்கவில்லை. மலத்தில் ரத்தம் வந்தால், காலரா என்று சந்தேகம் வந்தால், உங்கள் டாக்டரே ஆன்டிபயாடிக் எழுதுவார். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, குடிக்கவே மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி தாய்ப்பாலும் வழக்கமான சோறும் தொடரட்டும்.

ஜிங்க் கொடுத்ததும் சில குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள், பெற்றோர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பேரன் வயதுக்கு நெடுநாள் வழக்கமான அளவு தினம் 20 மில்லிகிராம். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வந்த ஆய்வில், 10 அல்லது 5 மில்லிகிராம் கொடுத்தும் பலன் குறையவில்லை, வாந்தி குறைந்தது. டாக்டர் அளவைக் குறைத்து எழுதியிருந்தால் சந்தேகப்படாதீர்கள். போக்கு இடையில் நின்றுவிட்டாலும், தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 14 நாள் கொடுங்கள்.