ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று வரும் புனித லூசியா திருநாளை வீடுகளில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

அன்றைக்கு வீட்டில் முதலில் எழுவது பிள்ளைகள்தான். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் எட்டரை மணிக்கு மேல்தான் விடியும். மூன்று மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். அந்தக் காலை இருட்டில் மூத்த மகள் லூசியாவாக வெள்ளை அங்கி உடுத்தி, இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டி, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு வருவாள். பின்னால் தங்கைகள் கையில் மெழுகுவர்த்தியோடும், தம்பிகள் நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியோடும். லூசியா பாட்டைப் பாடியபடியே, படுக்கையிலிருக்கும் அம்மா அப்பாவுக்குக் காபியும் பன்னும் கொடுப்பார்கள். பண்டிகை என்றாலே அம்மா விடியுமுன் அடுப்படியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அம்மாவைப் படுக்கவைத்து உபசரிக்கும் இந்தத் திருநாள்மீது தனிப் பிரியம்.

லூசியா சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துப் பெண். 304-ல், கிறிஸ்தவர்களை வேட்டையாடிய ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சியில், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர் என்பது மரபு. அந்த ரத்தத்தின் நினைவுதான் சிவப்புப் பட்டை. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பேராலயமும் இவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லூத்தரன் சபையின் நாடான ஸ்வீடனுக்கு இந்தக் கத்தோலிக்கப் புனிதை எப்படி வந்தார்? 1753 வரை அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டி. அந்தப் பழைய கணக்கில் லூசியா இரவே ஆண்டின் மிக நீண்ட இரவு என்று மக்கள் நம்பினார்கள். இருட்டின் உச்சத்தில் வெளிச்சத்தோடு வருகிறவர் என்று மனதில் நின்றுவிட்டார். வெள்ளை உடை லூசியாவைப் பற்றிய பழைய குறிப்பு 1764-ல், மேற்கு ஸ்வீடனின் வெஸ்தர்யோத்லாந்துப் பகுதியில் ஒரு பண்ணை மாளிகையிலிருந்து கிடைக்கிறது. 1927-ல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்திய பிறகு இந்த வழக்கம் நாடெங்கும் பரவியது.

பன்னுக்கு 'லுஸ்ஸெகத்தர்' என்று பெயர். முதல் நாள் மாலையே பாலும் வெண்ணெயும் குங்குமப்பூவும் சேர்த்து மாவு பிசைந்து, பொங்கவிட்டு, S வடிவில் சுருட்டி, இரண்டு சுருளிலும் ஒவ்வொரு உலர்திராட்சை அழுத்துவார்கள். குங்குமப்பூ அரை கிராம் பொட்டலமாக விற்கும். பன் சீக்கிரம் வறண்டுவிடும். சுட்ட அன்றே தின்ன வேண்டும், இல்லையேல் உறையவைத்துவிட வேண்டும். கூடவே மெல்லிய இஞ்சி பிஸ்கட், பெரியவர்களுக்கு மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின்.

கிரீடத்தில் நிஜ மெழுகுவர்த்தி என்றால் அடியில் ஈரத்துணி வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது பேட்டரி விளக்குதான். அந்த நாளில் அங்கே இருக்க வாய்த்தால், தேவாலயக் கச்சேரியைவிட, பிள்ளைகள் இருக்கும் வீட்டு அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அலாரம் மட்டும் சீக்கிரம் வைக்க வேண்டும்.