பழைய அமெரிக்கப் பாட்டுத் தாள்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் லெஸ்டர் லெவி சேகரிப்பு என்பது என்ன, சார்?

பதில்: வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடுவதற்காகக் கடைகளில் விற்ற அச்சு நோட்டேஷன் (இசைக் குறியீடு) தாள்கள். 29,000-க்கும் மேல் இருக்கின்றன. பால்டிமோர்க்காரரான லெவி தேடித்தேடிச் சேர்த்து 1976-இல் கொடுத்தார். ரேடியோ வருவதற்கு முன்பு ஒரு பாட்டு ஓடியதா இல்லையா என்பதை இந்தத் தாளின் விற்பனைதான் சொன்னது. ஸ்கேன் செய்தவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி: என்னிடம் உள்ள தாளில் 1905 என்று போட்டிருக்கிறது. அப்போதுதான் அச்சானதா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது பதிப்புரிமை ஆண்டு. பாட்டு ஓடினால் அதே அச்சுத் தகட்டை வைத்துப் பல வருஷம் அடித்துத் தள்ளுவார்கள். பின்னட்டையைத் திருப்புங்கள், அங்கே விளம்பரமாகும் பாட்டுகளில் ஒன்று 1909-இல் வந்தது என்றால், உங்கள் பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பதிப்பாளரின் முகவரியும் கைகொடுக்கும். அவர் கடை வேறு தெருவுக்கு மாறியது எப்போது என்று பழைய நகர டைரக்டரியில் பார்க்கலாம். தாளின் அளவையும் கவனியுங்கள். முதல் உலகப் போரின்போது காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சிறிதாக்கினார்கள்.

சில நேரம் அச்சுப்பிழையே ஆதாரம். அமெரிக்க தேசிய கீதம் 1814-இல் பால்டிமோரில் முதன்முதலாக நோட்டேஷனோடு அச்சானபோது, 'பேட்ரியாட்டிக்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனது. முதல் பதிப்பை அடையாளம் காண இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: தாள் உதிர்கிறது. செலோடேப் ஒட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். அமிலமில்லாத உறையில் மடிக்காமல் வையுங்கள். 1910-இன் மரக்கூழ்த் தாளைவிட 1820-இன் கந்தல்துணித் தாள் கெட்டியாக இருப்பது சகஜம்.

கேள்வி: கறுப்பினத்தவரைக் கேவலமாக வரைந்த அட்டைகளையும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில்: வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய 'மின்ஸ்ட்ரல்' நிகழ்ச்சிகள் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சக்கைபோடு போட்டன. அந்தத் தாள்களை ஒளித்துவிட்டால், அவற்றைக் காசு கொடுத்து வாங்கியது சாதாரணக் குடும்பங்கள்தான் என்பதும் மறைந்துபோகும். வைத்திருப்பதே சரி என்பது என் கட்சி. ஆனால் விளக்கம் இல்லாமல் அந்த அட்டையை மட்டும் வெட்டிப் பகிராதீர்கள்.

கேள்வி: பழைய பாட்டை நானே வாசித்து யூடியூபில் போடலாமா?

பதில்: அமெரிக்கச் சட்டப்படி, அங்கே அந்தக் காலத்தில் அச்சான பாட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு முடிந்துவிட்டால் தாராளமாகப் போடலாம். இன்னொருவர் பதிவு செய்த இசைத்தட்டை எடுத்துப் போடுவது வேறு கதை. அதற்குத் தனி உரிமை உண்டு.