சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுக்கள்: கேள்வி பதில்

கேள்வி: சிம்பொனி இசைக்குழுவில் எல்லோரும் ஓபோ என்னும் ஊதுகருவியின் ஏ (A) சுரத்தை வைத்தே சுருதி சேர்ப்பது ஏன்?

பதில்: ஓபோவின் ஒலி கூர்மையானது, பல கருவிகள் ஒலிக்கும்போதும் தனித்துக் கேட்கும். மேலும், வயலின்காரர் முறுக்காணியைத் திருப்பிச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஓபோக்காரருக்கு அந்த வசதி மிகக் குறைவு. அந்தச் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது சர்வதேசத் தரம் என்றாலும், ஐரோப்பியக் குழுக்கள் பல சற்று உயர்த்தியே வைத்துக்கொள்கின்றன. 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையான பரோக்கைப் பழைய கருவிகளில் வாசிப்போர் பெரும்பாலும் 415-க்கு இறங்குகின்றனர். ஆகவே சுருதி காட்டும் செயலியை முடிவான தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: முன்னே நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் இல்லாமல் பெரிய குழு வாசிக்க முடியாதா?

பதில்: முடியும். மாஸ்கோவில் 1922-இல் தோன்றிய பெர்சிம்ஃபான்ஸ் குழுவினர் ஒருவரையொருவர் பார்க்கும்படி வட்டமாக அமர்ந்து சிம்பொனிகளை வாசித்தார்கள். நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் குழுவும் 1972 முதல் நடத்துநர் இன்றியே வாசிக்கிறது. ஜப்பானிய அரசவை இசையான ககாக்குவில் கக்கோ என்னும் சிறு முரசுக்காரரும், ஜாவாவின் வெண்கலக் கருவிக் குழுவான கமெலானில் கெண்டாங் என்னும் முரசை வாசிப்பவரும் வேகத்தை ஆள்கிறார்கள். ஒலி 20 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 நொடி ஆகும். ஒலி இப்படிப் பிந்தும் அளவுக்கு மேடை விரிந்து, வேகம் அடிக்கடி நெகிழும் படைப்புகளும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில்தான், கோலேந்திய தனி நடத்துநர் ஐரோப்பாவில் நிலைபெற்றார்.

கேள்வி: கையை அசைப்பதைத் தவிர நடத்துநர் என்ன செய்கிறார்?

பதில்: அவருடைய வேலையின் பெரும்பகுதி ஒத்திகையில் முடிந்துவிடுகிறது. மற்றவற்றுக்கு முந்தைய பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: பாலித் தீவின் கமெலான் பதிவு ஒன்றைச் செயலியால் அளந்தேன். ஒரே சுரத்துக்குரிய இரு கருவிகள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கின்றன. கருவிகள் பழுதானவையா?

பதில்: இல்லை, அந்த விலகல் திட்டமிட்டு வைக்கப்படுவது. பாலியில் வெண்கலக் கருவிகள் இணை இணையாகச் செய்யப்படுகின்றன; ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றொன்று சற்று உயர்ந்தும் இருக்கும். ஒன்று 300 ஹெர்ட்ஸிலும் மற்றது 307 ஹெர்ட்ஸிலும் ஒலித்தால், நொடிக்கு ஏழு முறை ஒலி எழுந்து அடங்கும் அதிர்வு கேட்கும். ஓம்பாக் எனப்படும் அந்த அதிர்வு இல்லாவிட்டால் இசை உயிரற்றது என்பது பாலிக் கலைஞர்களின் செவி. ஒவ்வொரு கமெலான் கருவித் தொகுதியும் தனக்கென்று ஒரு சுருதியோடு பிறப்பதால், ஒன்றின் கருவியை மற்றொன்றில் சேர்ப்பதும் பொதுவாக இயலாது.

கேள்வி (அவரே): அப்படியானால் சுருதி பிசகுகிற எவரும் அதை மரபு என்று சொல்லிக்கொள்ளலாமே?

பதில்: சொல்ல இயலாது, காரணம் அளவிலேயே இருக்கிறது. நல்ல தொகுதியில் அந்த அதிர்வின் வேகம் தாழ்ந்த சுரத்திலும் உயர்ந்த சுரத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே காக்கப்படுகிறது. 150 ஹெர்ட்ஸிலும் 600 ஹெர்ட்ஸிலும் அதே ஏழு ஹெர்ட்ஸ் வேறுபாட்டை வைத்துப் பாருங்கள்: செயலி முதலாவதை ஏறத்தாழ 79 சென்ட் (அரைச் சுர இடைவெளியின் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட்) என்றும் இரண்டாவதை 20 சென்ட் என்றும் காட்டும். திரையில் ஒழுங்கற்றதாகத் தெரிவது செவிக்கு மிகச் சீரானது. தவறுதலாக நேர்ந்த பிசகு இத்தகைய ஒழுங்கைக் காக்காது.

கேள்வி (வேறொருவர்): நானும் அவர் பக்கமே. ஐரோப்பியக் கருவி செய்வோர் இதை ஏற்பார்களா?

பதில்: அவர்களே செய்கிறார்கள். பிரெஞ்சு மியூசெட் முறை அக்கார்டியனில் ஒரே சுரத்துக்கு சுருதியில் ஒன்றுக்கொன்று விலகிய, ஒலி எழுப்பும் உலோக நாக்குகள் பொருத்தப்படுகின்றன. குழாய் ஆர்கனிலும் வேண்டுமென்றே விலக்கி அமைத்த குழாய்வரிசை உண்டு. பதினாறு வயலின்கள் சேர்ந்தெழுப்பும் செழுமையிலும் இத்தகைய நுண்விலகலுக்குப் பங்குண்டு. செயலியை மூடிவிட்டு அந்தப் பதிவை மீண்டும் கேளுங்கள் என்றே இருவரிடமும் வேண்டுகிறேன்.

கேள்வி: புதிதாகக் கற்பவர் எந்த வயலின் வாங்கலாம்?

பதில்: இது என் துறையன்று, கற்பிக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: நடத்துநர் தேவையா?

பதில்: மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: பாலிக் கலைஞர்கள் அவ்வளவு வேகமாக எப்படி வாசிக்கிறார்கள்?

பதில்: அந்த வேகம் ஒருவருடையதன்று. கோத்தேகான் என்னும் முறையில் ஒரே வரி போலோஸ், சங்சி என இரண்டாகப் பிரிகிறது. ஒருவர் விடும் இடைவெளியில் மற்றவரின் அடி விழுகிறது. வலக்கை அடிக்கும்போது இடக்கை முந்தைய சுரத்தின் ஒலியை அடக்க வேண்டும். அடக்கத் தாமதித்தால் இரு பகுதிகளும் கலங்கிவிடும். எனவே பழகுபவர்கள் இரண்டையும் மெதுவாகக் கற்று, இடம் மாற்றி வாசித்துப் பார்ப்பது நல்லது.