கசினோ: வாசலில் வாங்கும் 100 டொலர்

வணக்கம் அண்ணா,

கொழும்பில் திறந்த பெரிய கசினோவான சிட்டி ஒஃப் ட்ரீம்ஸைக் குறை சொல்லி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஏற்க முடியவில்லை. 2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது உங்களுக்கு மறந்துவிட்டதா? நாட்டுக்கு டொலர் வேண்டும். சிங்கப்பூர் கசினோ திறந்ததால் கெட்டா போய்விட்டது? இங்கேயும் இப்போது ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்குச் சட்டம் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர் உள்ளே போக 100 டொலர் கட்ட வேண்டும், ஏழைகள் பக்கத்திலும் போக முடியாது. என் அக்காவின் மகன் ஒரு கசினோவில், ஆட்ட மேசையில் சீட்டுப் பங்கிடும் டீலராக இருக்கிறான். அவனுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. மூடச் சொல்கிற நீங்கள் அவனுக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்?

எஸ்.
வத்தளை

அன்பின் எஸ்.,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அக்கா வீட்டு அடுப்பு எரிகிற வேலையை யாராவது குறை சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். ஆனால் மூட வேண்டும் என்பது என் கருத்து இல்லை. கூடாது என்று சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு நடக்க விட்ட காலத்தை நாம் நிறையவே பார்த்துவிட்டோம்.

1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. அது சட்டவிரோதச் சூதாட்டத்தைக் குற்றமாக்கியது. 1988இல் இன்னொரு சட்டம் வந்து பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் வரி வாங்கத் தொடங்கியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கொழும்புக் கசினோக்கள் வரிக் கோப்பில் இருந்தன, ஆனால் அவற்றுக்கென்று முறையான அனுமதிப்பத்திரம் கிடையாது. 2010இல் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தவென்று தனிச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் அனுமதிப்பத்திர விதிகள் வர்த்தமானியில் வந்தது 2022 ஆகஸ்டில். நாடு வங்குரோத்தாகிக் கஜானா காலியான பிறகு! இடைப்பட்ட 12 வருடமும் மேசைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அரசியல் மேடையில் மட்டும் சண்டை நடந்தது. ஆஸ்திரேலியக் கசினோ முதலாளி ஜேம்ஸ் பக்கர் இங்கே கசினோ ஹோட்டல் கட்ட வந்த திட்டம், 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. கசினோவுக்கு எதிராகப் பேசி வாக்குக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்தும், ஏற்கெனவே நடந்தவை நடந்தபடியே இருந்தன.

ஆகவே 2025இல் பழைய கட்டளைச் சட்டத்தையும் 2010 சட்டத்தையும் நீக்கிவிட்டு, சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டம் வந்ததை நான் வரவேற்கிறேன். என் சண்டை உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த 100 டொலரோடுதான்.

முன்பு 50 டொலராக இருந்த நுழைவுக் கட்டணத்தை 2025இல் 100 ஆக்கினார்கள். அதே கையோடு கசினோவின் மொத்த வசூல் மீதான வரியை 15 சதவீதத்திலிருந்து 18க்கு உயர்த்தினார்கள். 100 டொலர் என்றால் சுமார் 30,000 ரூபாய். தோட்டத்தில் 2025இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய், 22 நாள் கொழுந்து பறித்தால்தான் அவ்வளவு வரும். தோட்டத் தொழிலாளி அங்கே போகமாட்டார் என்று நீங்கள் சொல்வது சரி. போகிறவர் வேறு ஆள். நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கும் கடை முதலாளி, சீட்டுப் பிடிப்பவர், கம்பனிக் காசு கையில் புழங்கும் கணக்காளர். அவர் தோற்கும்போது தோற்பது அவருடைய காசு மட்டும் இல்லை. சம்பளம் வராமல் போகிற கடைப் பையனும் சீட்டுக் கட்டிய ஆச்சியும் கசினோ வாசலைக் கண்டிருக்கவே மாட்டார்கள். அப்புறம், தோற்றதைத் திருப்பி எடுக்க வருகிறவருக்கு 30,000 ஒரு தடையே இல்லை. நேற்று 20 லட்சம் விட்டவர் அதையும் சேர்த்துத் திருப்பி எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போடுவார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. இந்தக் கட்டணம் உள்ளூர்க்காரரைத் தடுக்கவென்றால், அதில் வருகிற காசு குறைந்துகொண்டே போக வேண்டும். காசு கூடினால் தடுப்பது தோற்றுவிட்டது என்று பொருள். ஆனால் அந்தக் காசு போவது அரசாங்கத்தின் பொதுக் கணக்குக்கு. அங்கே காசு கூடினால் வெற்றி என்று எழுதுவார்கள். வருமான இலக்கு எட்டாத வருடத்தில் நிதி அமைச்சிலிருந்து எந்த அதிகாரியாவது எழுந்து “நம்மாட்கள் உள்ளே போவதைக் குறையுங்கள்” என்பாரா? அதே அமைச்சின் கீழ்தான் இந்த அதிகாரசபையும் வருகிறது.

சிங்கப்பூரைச் சொன்னீர்கள். அங்கே 2010இல் உள்ளூர்க்காரருக்கு 100 சிங்கப்பூர் டொலர் கட்டணம் வைத்தார்கள், 2019இல் 150 ஆக்கினார்கள். நாம் கட்டணத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டோம். அந்தக் காசு அங்கே வரவு செலவுத் திட்டத்தின் ஓட்டையை அடைக்கப் போவதில்லை, சமூகப் பணிகளுக்கும் தருமப் பணிகளுக்கும் போகிறது. கசினோவுக்குள் ஏடிஎம் வைக்கக் கூடாது. சாதாரண உள்ளூர் ஆட்டக்காரருக்குக் கசினோ கடன் கொடுக்கக் கூடாது. வங்குரோத்தானவரும் அரசின் உதவிப் பணத்தில் வாழ்பவரும் யாரும் கேட்காமலே தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து, தங்கள் வீட்டு ஆளை உள்ளே விடாதே என்று உத்தரவு வாங்கலாம். முதல் கசினோ 2010இல் திறந்தது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசியப் பேரவையை 2005இலேயே அமைத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, புருஷன் கடையையும் இவருடைய தாலிக்கொடியையும் கசினோ மேசையில் தோற்ற பிறகு என்னிடம் கேட்டார்: “அவரை உள்ளுக்கு விடாதீங்க எண்டு நான் யாரிட்டப் போய்ச் சொல்லுறது அண்ணா?” பொலிஸுக்குப் போனால் குடும்பப் பிரச்சினை என்பார்கள். கசினோ வாசலில் நின்றால் காவலாளி அனுப்பிவிடுவார். அந்தப் பெண் போய் ஒரு தாளை நீட்டி, அன்றைக்கே பதில் வாங்குகிற ஒரு மேசை வேண்டும். அதிகாரசபையின் விதிகளில் முதலாவதாக இது வர வேண்டும் என்கிறேன்.

வேறு நாடுகளையும் பாருங்கள். பிலிப்பைன்ஸில் பாக்கோர் என்ற அரச நிறுவனம் தானே கசினோ நடத்தும், மற்ற கசினோக்களுக்கு அனுமதியும் கொடுக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான். அது 2016 முதல் வெளிநாட்டவருக்கான இணையச் சூதாட்டக் கம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த வளாகங்களில் ஆட்கடத்தலும் இணைய மோசடியும் நடப்பது அம்பலமாகி, 2024 ஜூலையில் ஜனாதிபதி மார்கோஸ் அத்தனையையும் தடை செய்தார். கம்போடியா தன் குடிமக்கள் சூதாடுவதை 1996இலேயே தடுத்தது. வெளிநாட்டு முதலாளிகளை யாரும் கண்காணிக்கவில்லை. சிஹானூக்வில் என்ற கடற்கரை ஊர் கசினோக்களால் நிறைந்தது. 2019இல் இணையச் சூதாட்டத்தை நிறுத்தியதும் முதலீடு ஓடிப் போய்ப் பாதி கட்டிய கட்டடங்கள் மிஞ்சின. மோசடிக் கும்பல்கள் அங்கே குடியேறின. வேலை என்று நம்பி கம்போடியா போய் அந்த மாதிரி முகாம்களில் அடைபட்டவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரரை வாசலில் நிறுத்தினால் போதும் என்று நினைத்த நாட்டுக்கு நடந்தது அது.

டொலர் வரட்டும். சிட்டி ஒஃப் ட்ரீம்ஸில் 100 கோடி டொலருக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள், இந்தியாவிலிருந்து ஆள் வரும் என்று நம்புகிறார்கள். வந்தால் நல்லது. எத்தனை வெளிநாட்டவர், எத்தனை இலங்கையர் உள்ளே போனார்கள் என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். தலைக்கு 100 டொலர் வாங்குகிறவர்களிடம் அந்தக் கணக்கு எப்படியும் இருக்கும். பாதிக்கு மேல் நம்மாட்கள் என்றால், அங்கே சுழல்வது நம் ரூபாய்தான்.

உங்கள் மருமகனைப் பற்றி. கம்போடியத் தலைநகர் புனோம்பென்னின் நாகாவேர்ல்ட் கசினோவில் 2021இல் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டிசம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், தொழிற்சங்கத் தலைவி சிறைக்குப் போனார். கசினோ வேலை நன்றாகச் சம்பளம் தரும், ஒரே நாளில் போகவும் கூடும். ஆகவே இந்த அதிகாரசபை அவனுக்கும் ஆனது. டீலர்களின் வேலை நேரம், இரவுப் பணி, டிப்ஸ் பங்கீடு எல்லாம் அதன் விதிகளில் வரட்டும்.

அவனிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். பெயரும் இடமும் போடாமல் இங்கே வெளியிடுகிறேன். ஒருவர் விடிய விடிய ஒரே மேசையில் இருந்து தோற்றுக்கொண்டே போனால், நிறுத்தச் சொல்லவோ மேலதிகாரியைக் கூப்பிடவோ அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? அப்படிக் கூப்பிட்டால் மேலதிகாரி என்ன செய்வார்?

அன்புடன்.