பின்பக்கத்தை மூடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலியில் வேலை பார்க்கும் மகன் அர்பியேரா என்கிற ஒட்டுத்துணிச் சித்திரம் ஒன்று வாங்கி வந்தான். சாக்குத்துணியில் மலை, சூரியன், வரிசையாகக் குட்டிப் பெண் பொம்மைகள். தைத்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டதாம். துவைத்து, அட்டையில் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போடலாமா? பெயர்கூட இல்லாத கைவேலையைப் பெண்ணியச் செயல்பாடு என்பது மிகையில்லையா?
— எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிகையில்லை. சிலியில் ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி ஆட்களைக் காணாமலாக்கியபோது, அவர்கள் வீட்டுப் பெண்கள் நடந்ததை அர்பியேராவில் தைத்து வைத்தார்கள். 1978 மார்ச் 8 அன்று தலைநகர் சந்தியாகோவின் அரங்கில், ஜோடியாக ஆடவேண்டிய குவேக்கா நடனத்தைத் தனியாளாக ஆடிக் காட்டியவர்களும் காணாமலாக்கப்பட்டோரின் வீட்டுப் பெண்கள்தான். அதை விடுங்கள்.

துவைக்கவே கூடாது. ஒட்டுத்துணிகள் வெவ்வேறு பழைய உடுப்பிலிருந்து வெட்டியவை. ஒன்று சாயம் விட்டாலும் பக்கத்துத் துணி கெடும். சாக்கு ஒரு அளவு சுருங்கும், பருத்தி வேறு அளவு, பொம்மைகள் கோணிப்போகும். கொசுவலையை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசி எடுங்கள். ஓரத்துக் கம்பளிப் பின்னலில் அந்து விழுந்திருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ஈரம் துணியில் இறங்கும்.

ஆனால் அட்டையில் ஒட்டுவதா! எப்படி அம்மா மனசு வந்தது? திருப்பிப் பார்த்தீர்களா? பல அர்பியேராக்களின் முதுகில் சின்னப் பை ஒன்று இருக்கும். உள்ளே மடித்த தாள். முன்னால் தைத்திருப்பது என்ன சம்பவம் என்று தைத்தவளே எழுதியது. பசை தடவினால் அவள் வாயை அடைத்ததாகும். முடிச்சுகள், பிரித்துத் தைத்த தடம், அடியில் எந்த மாவுச் சாக்கு என்பதெல்லாம் அங்கேதான். இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தாள் நொறுங்குகிற நிலையென்றால் தனி உறையில் வையுங்கள். உறைக்கும் துணிக்கும் ஒரே எண். எண்ணைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, ஓரத்தில் இரண்டே தையல். பொம்மைகள் நசுங்கும், சுருட்டாதீர்கள். கஞ்சி போக அலசிய வெள்ளைத் துணிக்குள் கிடையாக, வெளிச்சம் படாமல்.

பெயர் இல்லாததற்குக் காரணம் பினோசே. அவர் ஆட்சியில் பெயர் போட்டால் ஆளையே தூக்கிவிடுவார்கள். இப்போது போடலாமா என்பதை அந்த அம்மாதான் சொல்லவேண்டும். மகனை மறுபடி போகச் சொல்லுங்கள். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டவேண்டாம். துணியின் பெரிய படத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு ஒட்டாகத் தொட்டு, "இது யார் சட்டை?" என்று கேட்கட்டும்.