ஆஸ்கார் தொட்டியில் நைட்ரேட் ஏன் குறையவில்லை?

கேள்வி: 500 லிட்டர் தொட்டியில் ஆஸ்கார் மீன்கள் வளர்க்கிறேன். வாரந்தோறும் கால் பங்கு போர்வெல் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் 80 பிபிஎம்மில் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) நிற்கிறது. இன்னொரு ஃபில்டர் வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவதோடு சரி; நைட்ரேட்டை அகற்றுவதில்லை. முதலில் போர்வெல் தண்ணீரையே சோதித்துப் பாருங்கள். வயல் உரமும் கழிவுநீரும் கசியும் இடங்களில் நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கும். அதில் 40 இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் தொட்டி 40க்குக் கீழே இறங்காது. பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். ஆஸ்கார் எவ்வளவு கெஞ்சினாலும் தீனியைக் குறையுங்கள், பாவம் பார்க்காதீர்கள். நட்ட செடியைப் பிடுங்கிப்போடும் மீன் அது. அதனால் மணி பிளாண்ட் வேரை மட்டும் பிளாஸ்டிக் வலைக்குள் வைத்து நீரில் விடுங்கள். நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.